சின்னக் கடைக்கு ஒரு சர்வர்

சர்வர் என்ற வார்த்தையைக் கேட்டவுடன் தமிழ் நாட்டில் வளர்ந்தவர்களின் மனக்கண்முன் வந்து நிற்கிறவர் ஒருவர்தான். தோளில் துண்டும் இடக்கையில் அடுக்கடுக்காய்த் தட்டுகளுமாக வந்து, உள்ள பலகாரங்களையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, ஐந்து மேஜைக்காரர்கள் கேட்ட ஐந்து விதமான பண்டங்களையும் காகிதத்தில் குறித்துக்கொள்ளாமலே கொண்டுவந்து வைக்கும் ஹோட்டல் சர்வரைத்தான் சொல்கிறேன். கம்ப்யூட்டர் உலகத்திலே சர்வர் என்று ஒன்று இருக்கிறதே, அதன் உத்தியோகமும் ஏறக்குறைய இதுதான். மேஜைக்கு மேஜை உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டர்கள், "போன வருஷத்துக் கணக்கைக் கொண்டா", "அந்தப் படத்தைக் கொண்டா" என்று கேட்கின்றன. அது தன் சமையற்கட்டுக்குள் போய், கேட்டதை எடுத்துவந்து கொடுக்கிறது. திருப்பிக் கொடுத்தால் வாங்கி, இருந்த இடத்தில் வைக்கிறது. அவ்வளவே.

ஆகவே சர்வர் என்பது செய்கிற உத்தியோகத்தின் பெயரேயல்லாமல் யந்திரத்தின் பெயர் அல்ல. எந்தக் கம்ப்யூட்டரையும் அந்த உத்தியோகத்தில் அமர்த்தலாம். 1990-ஆம் வருஷத்தில், ஜினீவா நகரத்துக்கு அருகிலுள்ள ஸெர்ன் என்னும் பௌதிக ஆராய்ச்சி நிலையத்தில், டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர் உலகத்தின் முதல் வெப் சர்வரை நடத்தினார். அதற்காக அவர் தனி மாளிகை ஒன்றும் கட்டவில்லை. தாம் வேலை செய்துகொண்டிருந்த நெக்ஸ்ட் என்ற கறுப்பு நிறக் கம்ப்யூட்டரையே உபயோகித்தார். யாராவது மாலையில் வீட்டுக்குப் போகும்போது, மின்சாரம் வீணாகிறதே என்ற நல்லெண்ணத்தோடு அதை அணைத்துவிடப் போகிறார்களே என்று பயந்து, 'இந்த யந்திரம் சர்வர். அணைக்கக் கூடாது' என்ற பொருள்பட, ஒரு சீட்டில் சிவப்பு மையினால் எழுதி அதன்மேல் ஒட்டி வைத்தார். அந்த யந்திரத்தைச் சீட்டோடுகூட இன்றும் பத்திரமாகப் பாதுகாத்து வருகிறார்கள்.

அவ்வளவு பெரிய சரித்திரத்துக்கு ஒரு சாதாரணக் கம்ப்யூட்டர் போதுமானதாயிருந்ததென்றால், நாலு பேர் வேலை செய்யும் கடைக்கு என்னதான் வேண்டும்? ஆனால் கடைக்கு வரும் விற்பனை ஆசாமி இந்தக் கேள்வியைக் கேட்க விடுவதில்லை.

"அண்ணாச்சி, இது ஸியான் பிராஸஸர் போட்ட டவர் சர்வர். ஐம்பது பேர் ஒரே சமயத்திலே வேலை செய்யலாம்."

"தம்பி, நம்மகிட்ட இருக்கிறது நாலு பேரு. அதிலும் ஒருத்தன் பாதி நேரம் பைண்டிங்கிலே இருப்பான்."

"நாளைக்கு வியாபாரம் பெருகாதா, அண்ணாச்சி?"

வியாபாரம் பெருகாது என்று தம் வாயாலேயே சொல்ல எந்த முதலாளிக்கு மனம் வரும்? கையெழுத்துப் போட்டுவிடுகிறார். அதன் பிறகு அந்த யந்திரம் ஆனை கட்டித் தீனி போட்ட கதையாக, இரவும் பகலும் மின்சாரத்தைத் தின்றுகொண்டு, தன் பலத்தில் நூற்றில் இரண்டு பங்குகூட உபயோகப்படாமல், மூலையில் உறுமிக்கொண்டிருக்கிறது. யந்திரத்திலேயே பணம் தீர்ந்துபோனபடியால், உண்மையில் அவசியமான இரண்டொரு சாமான்களை வாங்கக் கையில் காசு இருப்பதில்லை. அந்தச் சாமான்கள் எவை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், உங்களுக்குச் சர்வர் வேண்டுமா என்று பாருங்கள். மளிகைக்கடை, மருந்துக்கடை, தையற்கடை, டியூஷன் வகுப்பு ஆகியவற்றை நடத்துகிறவர்களில் அநேகருக்கு வேண்டியதே இல்லை என்பது என் அபிப்பிராயம். பில் போடுவதும், நாலு கடிதம் எழுதுவதும், சரக்கு இருப்புக் கணக்கு வைப்பதுமே வேலையென்றால், மாதச் சந்தாவோ வருஷச் சந்தாவோ கட்டி இண்டர்நெட் வழியாக உபயோகிக்கும் ஸாப்ட்வேர்கள் இருக்கின்றன. சர்வரைக் காப்பாற்றும் கவலை அந்தக் கம்பெனிக்காரர்களுடையது. நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம் மாதத்துக்கு ஒரு முறை உங்கள் கணக்கை அவர்களிடமிருந்து இறக்கி ஒரு பிரதி வைத்துக்கொள்வதுதான். ஜி. எஸ். டி. சட்டப்படி கணக்குகளை, வருஷாந்தர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை வைத்திருக்க வேண்டும். சந்தாவை நிறுத்திய பிறகும் சட்டம் நம்மைத்தான் கேட்கும், கம்பெனிக்காரரைக் கேட்காது.

கடையின் வெப்ஸைட்டுக்காகச் சர்வர் வாங்க நினைக்கிறவர்களும் உண்டு. அவர்கள் அந்த யோசனையை இன்றே கைவிடலாம். நமது கடையில் மின்சாரம் நின்றால் ஸைட்டும் நிற்கும். ஊரார் எல்லோரும் வந்து தட்டும்படியாக வாசற்கதவு ஒன்றை உள்ளறைக்கே வைத்த மாதிரியும் ஆகும். அதற்கென்றே இடம் வாடகைக்கு விடுகிற ஸ்தாபனங்கள் சொற்பத் தொகைக்கு அந்தக் காரியத்தைப் பார்த்துக்கொள்கின்றன.

இனி, சர்வர் உண்மையாகவே வேண்டியிருக்கிறவர்களைப் பார்ப்போம். சிவகாசியில் ஒரு சிறு அச்சகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாளி ஒருவர், டிசைன் போடுகிறவர்கள் இருவர், பில் எழுதுகிறவர் ஒருவர். ஆக நாலு கம்ப்யூட்டர்கள். ஆடிப் பதினெட்டுக்குப் புதிய வருஷத்துக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அன்று தொடங்கி மார்கழி வரையில் அவர்களுக்குச் சோறு தண்ணீர் கிடையாது. மற்ற மாதங்களில் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், டப்பா லேபிள். ஒரு காலண்டரின் டிசைன் பைல் ஒன்றே 800 மெகாபைட் இருக்கலாம். ஐந்தாறு வருஷத்து வேலைகளைச் சேர்த்தால் ஒன்றரை டெராபைட் ஆகிவிடுகிறது.

அந்த அச்சகத்தின் ஆஸ்தி எது என்று கேட்டால், கூடத்தில் நிற்கும் ஆப்ஸெட் யந்திரத்தைக் காட்டுவார்கள். யந்திரத்துக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. பாங்கிக் கடனும் உண்டு. ஆனால் திருநெல்வேலி ஜவுளிக் கடைக்காரர் வருஷந்தோறும் வந்து, "போன வருஷம் மாதிரியே அடிச்சிடுங்க, போன் நம்பரை மட்டும் மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டு அட்வான்ஸைக் கொடுத்துப் போகிறாரே, அவரைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் பழைய பைல்தான். பைல் போய்விட்டது என்று சொன்னால் அவர் கோபித்துக்கொள்ளக்கூட மாட்டார்; அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்.

இப்பொழுது அந்தப் பைல்கள் எங்கே இருக்கின்றன? கொஞ்சம் இந்தக் கம்ப்யூட்டரில், கொஞ்சம் அந்தக் கம்ப்யூட்டரில், கொஞ்சம் முதலாளியின் சட்டைப் பையில் சாவிக்கொத்தோடு தொங்கும் பென் டிரைவில். 'கடைசி' என்று ஒரு பைல். 'கடைசிக்குக் கடைசி' என்று ஒரு பைல். 'இதுதான் கடைசி' என்று மூன்றாவது. எது நிஜமான கடைசி என்பது லீவில் போயிருக்கும் டிசைனருக்கு மட்டும் தெரியும். பழைய போன் நம்பரோடு இரண்டாயிரம் காலண்டர் அச்சாகி வெளியே வந்த பிறகு மற்றவர்களுக்கும் தெரியும். எல்லாப் பைல்களும் ஓரிடத்தில் இருக்க வேண்டும், எல்லோரும் அந்த ஓரிடத்திலிருந்தே எடுக்க வேண்டும் என்ற அவசியம் இங்கேதான் பிறக்கிறது. இந்த அச்சகத்துக்குச் சர்வர் வேண்டும். பைல்கள் இவ்வளவு பெரியவையாக இருப்பதால், அது கடைக்குள்ளேயே இருப்பதுதான் சௌகரியம்.

யந்திர விஷயத்தில் காலம் இப்போது சிறு வியாபாரிக்கு அநுகூலமாயிருக்கிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோஸாப்ட் கம்பெனி அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பழைய கம்ப்யூட்டர்களை ஏற்றுக்கொள்வதில்லை. இன்டெல் பிராஸஸரானால் எட்டாவது தலைமுறைக்கு முந்தியவற்றைப் பெரும்பாலும் கழித்துவிடுகிறது. இதன் காரணமாகப் பெரிய ஆபீஸ்களிலிருந்து, தேகத்தில் ஒரு நோயும் இல்லாத கம்ப்யூட்டர்கள் கட்டாய ஓய்வு பெற்று வெளியே வருகின்றன. டெல், ஹெச். பி., லெனோவோ கம்பெனிகள் செய்த, ஒரு தடித்த புத்தகத்தின் அளவே உள்ள சின்னக் கம்ப்யூட்டர்கள் அவற்றில் உண்டு. சென்னையில் ரிச்சி தெருவிலும் பெங்களூரில் எஸ். பி. ரோட்டிலும் இவை கிடைக்கின்றன. லினக்ஸ் இவற்றில் அழகாக ஓடும். நாலு பேருக்குப் பைல் எடுத்துக் கொடுக்கும் உத்தியோகத்துக்கு இவையே தாராளம். டிஸ்குகளை மட்டும் பழையதாக வாங்கக் கூடாது. டிஸ்க் என்பது தேய்ந்து சாகிற பொருள்.

சின்ன யந்திரத்துக்கு மின்சாரச் செலவும் சின்னது. சர்வர் வருஷம் முழுதும் விழித்திருக்க வேண்டியது. 10 வாட் இழுக்கும் சின்னக் கம்ப்யூட்டர் வருஷத்துக்கு ஏறக்குறைய 88 யூனிட் செலவழிக்கும். 100 வாட் இழுக்கும் பெரிய டவர் சர்வரோ 876 யூனிட். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஐந்து வருஷத்தில் வித்தியாசம் 39,000 ரூபாய்க்கு மேல். 'சும்மா கிடைத்தது' என்று பழைய பெரிய சர்வரை வீட்டுக்குத் தூக்கி வருகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

ஸாப்ட்வேர் விஷயத்துக்கு வருவோம். விண்டோஸ் சர்வர் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதை வாங்கினால், அதோடு சம்பந்தப்படும் ஒவ்வோர் ஆளுக்கோ யந்திரத்துக்கோ தனி அநுமதிச் சீட்டும் வாங்க வேண்டியிருக்கும். நாலு பேர் கடைக்கு அது வேண்டியதில்லை. சாதாரண விண்டோஸின் லைஸென்ஸே 20 யந்திரங்கள் வரையில் பைல்களைப் பகிர்ந்துகொள்ள இடங்கொடுக்கிறது. அதையும் வேண்டாமென்று லினக்ஸுக்குப் போகிறவர்களுக்கு ஸாம்பா இருக்கிறது. சம்பா நெல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1992-இல் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரத்துச் சர்வகலாசாலையில் மாணவராயிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், ஒரு யந்திரம் இன்னொன்றோடு கம்பி வழியாகப் பேசுவதை ஒட்டுக்கேட்டே அந்தப் பாஷையைக் கற்று, இந்த ஸாப்ட்வேருக்கு அடித்தளம் போட்டார். அந்தப் பாஷைக்கு எஸ், எம், பி என்ற மூன்று எழுத்துக்கள் பெயர். அவை மூன்றும் வரிசையாக வரும் வார்த்தை எது என்று அகராதியில் தேடச் சொன்னபோது கிடைத்த பெயர்தான் ஸாம்பா. ஆள் கணக்குப் பாராமல் எவரும் இதை இனாமாக உபயோகிக்கலாம். லினக்ஸ் கட்டளைகளைக் கண்டு மிரளுகிறவர்களுக்காக, எல்லாவற்றையும் பொத்தான்களாக்கித் தரும் ஓப்பன்மீடியாவால்ட் போன்றவையும் இனாமே.

இனாம் என்று சொன்னவுடன் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்த மாதிரி சர்வரைப் பெரும்பாலும் அமைத்துக் கொடுக்கிறவர் முதலாளியின் மருமகப்பிள்ளை. கெட்டிக்காரப் பையன், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்துவிட்டான். மூன்றாவது மாதம் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். கடவுச்சொல் அவன் தலைக்குள் இருக்கிறது. கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் காலையில் பைல் திறக்கவில்லை; பையன் போனை எடுக்கவில்லை. இந்த அபாயத்துக்கு நிவாரணம் ஒரு குயர் நோட்டு. என்ன யந்திரம், எந்த டிஸ்கில் என்ன, கடவுச்சொல் என்ன, நின்றுபோனால் முதலில் என்ன செய்வது என்பதையெல்லாம் பையன் கையாலேயே தமிழில் எழுதி வாங்கிப் பெட்டகத்தில் வைக்க வேண்டும். பிறகு டிசைனர் ஒருவரை அழைத்து, நோட்டை மட்டும் பார்த்துச் சர்வரை அணைத்து மறுபடி எழுப்பச் சொல்ல வேண்டும். எழுப்பிவிட்டாரானால் நோட்டு சரியாக எழுதப்பட்டிருக்கிறது.

மருமகப்பிள்ளையும் இல்லை, கற்றுக்கொள்ள நேரமும் இல்லை என்பவர்களுக்கு, தைவான் தேசத்து ஸினாலஜி, க்யூநாப் போன்ற கம்பெனிகள் இதற்கென்றே செய்து விற்கும் பெட்டிகள் உண்டு. நாஸ் என்று பெயர். அதே பணத்துக்குப் பழைய கம்ப்யூட்டர் அதிக பலம் தரும் என்பது வாஸ்தவம். ஆனாலும் சிறு வியாபாரத்தில் மிக விலையுயர்ந்த சரக்கு முதலாளியின் நேரம். பெட்டியை வாங்கிவிட்டு அச்சு வேலையைக் கவனிப்பதே லாபம் என்று தோன்றினால், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கம்பியைப் பற்றி இரண்டு வார்த்தை. டிசைனர்களின் கம்ப்யூட்டர்களைச் சர்வரோடு வயர்லெஸ்ஸில் இணைக்க வேண்டாம். கிகாபிட் ஸ்விட்ச் ஒன்றும், அதற்கேற்ற கேபிளும் போட்டால், 800 மெகாபைட் பைல் எட்டு அல்லது பத்து வினாடிகளில் வந்து சேரும். பழைய 100 மெகாபிட் ஸ்விட்சை அப்படியே வைத்திருந்தால் ஒரு நிமிஷத்துக்கு மேலாகும். ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம் காத்திருக்க வைத்தால், டிசைனர் மறுபடியும் பைலைத் தம் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள்ளத் தொடங்குவார். சர்வர் காலியாகவும் 'கடைசிக்குக் கடைசி' பழையபடியும் ஆகிவிடும்.

யூ. பி. எஸ். கட்டாயம் வேண்டும். "வீட்டில் இன்வர்ட்டர் இருக்கிறதே" என்பார்கள். மின்சாரம் நின்று இன்வர்ட்டர் விழித்துக்கொள்ளும் அந்தக் கண நேரத்தில் விளக்குகள் சற்றே கண் சிமிட்டும். கம்ப்யூட்டரோ மூர்ச்சை போட்டுவிடும். எழுதிக்கொண்டிருக்கும்போதே டிஸ்குக்கு மின்சாரம் போவதுதான் பைல்கள் கெடுவதற்கு ராஜபாட்டை. யூ. எஸ். பி. கம்பியால் சர்வரோடு இணைக்கக்கூடிய யூ. பி. எஸ்ஸாகப் பார்த்து வாங்கினால், பாட்டரி தீரப்போகும் சமயத்தில் சர்வர் தானே ஒழுங்காகப் படுத்துக்கொள்ளும். அந்தப் பாட்டரியையும் சில வருஷங்களுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். இன்னொரு விஷயம்: சர்வரைத் தரையில் வைக்காதீர்கள். அச்சகத்தில் காகிதத் தூசி பறக்கும். வேறு ஊர்களில் வெள்ளம் வரும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் தரைத்தளத்துக்குள் தண்ணீர் புகுந்ததை மறந்திருக்கமாட்டோம். முதலாளியின் அறையில் உயரமான அலமாரி ஒன்றே போதும்.

இவ்வளவு சிரமம் எதற்கு, எல்லாவற்றையும் 'க்ளவு'டில் போட்டுவிட்டால் என்ன என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அது ஆகாயத்து மேகம் அல்ல; வேறொருவருடைய கட்டடத்தில் இருக்கும் வேறொருவருடைய கம்ப்யூட்டர். 2006-இல் அமெஸான் கம்பெனி இப்படி வாடகைக்கு விட ஆரம்பித்தது. 2016-இல் பம்பாயிலும் இடம் திறந்தது. வாடகை வீட்டில் இருக்கும் நன்மைகள் அத்தனையும் இதில் உண்டு: முன்பணம் வேண்டாம், ஓட்டை உடைசலைச் சொந்தக்காரர் பார்த்துக்கொள்வார். ஆனால் நமது அச்சகத்தின் ஒன்றரை டெராபைட்டை 100 மெகாபிட் வேகமுள்ள இண்டர்நெட்டில், ஒரு தடங்கலும் இல்லாமல் இறக்குவதற்கே ஏறக்குறைய 33 மணி நேரம் ஆகும். தினசரி வேலைக்கு அது ஒத்துவராது. பத்திரத்துக்கும் அது ஒன்றே போதாது. 2021 மார்ச் 10-ஆம் தேதி விடியுமுன், பிரான்ஸ் தேசத்தில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஹெச் என்ற கம்பெனியின் ஐந்து மாடிச் சர்வர் கட்டடம் ஒன்று தீப்பிடித்து எரிந்துபோயிற்று. ஆட்சேதம் இல்லை. ஆனால் பிரதி எடுத்து வைக்கவும் சேர்த்துப் பணம் கட்டியிருந்த வாடிக்கைக்காரர்களில் சிலருடைய பிரதியும் அந்த இடத்திலேயே இருந்து, மூலத்தோடு சேர்ந்து சாம்பலாயிற்று.

இனிமேல்தான் விஷயத்தின் மையத்துக்கு வருகிறோம். டிஸ்க் ஒரு நாள் சாகும். அன்றைக்கு என்ன செய்வது?

விற்பனை ஆசாமி இதற்கு 'ரெயிட்' என்று விடை சொல்வார். 1988-இல் அமெரிக்காவில் பெர்க்லி சர்வகலாசாலையைச் சேர்ந்த பாட்டர்ஸன், கிப்ஸன், காட்ஸ் என்ற மூவர் எழுதிய கட்டுரையில் பிறந்த பெயர் இது. பல மலிவான டிஸ்குகளைச் சேர்த்து ஒரு பெரிய டிஸ்கைப்போல் நடத்தலாம் என்பது அவர்கள் யோசனை. பெயரிலிருந்த ஓர் எழுத்துக்கு 'மலிவான' என்றே அவர்கள் பொருள் வைத்தார்கள். சரக்கை விற்க வந்தவர்களுக்கு அந்த அடைமொழி பிடிக்கவில்லை போலும். பிற்பாடு அதைத் 'தனித்தனியான' என்று மாற்றிவிட்டார்கள். அதில் எளிய வகை, இரண்டு டிஸ்குகளில் ஒரே விஷயத்தை எழுதுவது. ஒன்று செத்தால் மற்றொன்று வேலையைத் தொடரும். நல்ல ஏற்பாடுதான், காலண்டர் ஸீஸனில் ஒரு நாள்கூட வேலை நிற்காது. ஆனால் அது நிலைக்கண்ணாடி மாதிரி. நீங்கள் இங்கே ஒரு பைலைத் தவறுதலாக அழித்தால் கண்ணாடிக்குள் இருப்பவரும் அதே வினாடியில் அழித்துவிடுவார். திருடன் பெட்டியைத் தூக்கிப் போனால் இரண்டும் போகும். தீப்பிடித்தால் இரண்டும் எரியும். ரெயிட் இருக்கிறதென்று பிரதி எடுக்காமல் இருப்பவர், இரட்டைப் பூட்டுப் போட்டுவிட்டோமே என்று கூரைக்கு ஓடு வேயாமல் இருப்பவருக்குச் சமானம்.

திருடனைப் பற்றிச் சொன்னேன். பெட்டியைத் தொடாமலே திருடுகிறவர்களும் இருக்கிறார்கள். 2017 மே மாதத்தில் வானாக்ரை என்ற ஒன்று உலகமெங்கும் பரவி, கண்ட கம்ப்யூட்டர்களில் உள்ள பைல்களையெல்லாம் பூட்டிவிட்டு, திறப்பதற்கு 300 டாலர் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் மருந்தை மைக்ரோஸாப்ட் கம்பெனி இரண்டு மாதத்துக்கு முன்பே கொடுத்திருந்தது, பூசிக்கொள்ளாதவர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற மற்றொன்று, இண்டர்நெட்டுக்கு நேராகத் திறந்து வைத்திருந்த க்யூநாப் பெட்டிகளைத் தேடித் தேடிப் பூட்டியது. வீட்டிலிருந்து கடைப் பைலைப் பார்க்க வேண்டுமென்று ரௌட்டரில் சந்து திறந்து விடுகிறார்களே, அந்தச் சந்து இவர்களுக்கும் சந்துதான். வெளியிலிருந்து பார்த்தே தீர வேண்டுமானால் ஒயர்கார்டு போன்ற வி. பி. என். மூலமாகப் பார்க்கலாம். பிரதி எடுத்த டிஸ்கை எப்போதும் சர்வரிலேயே செருகி வைத்திருந்தால், பூட்டுகிறவன் அதையும் சேர்த்தே பூட்டிவிட்டுப் போவான்.

பீட்டர் க்ரோக் என்ற போட்டோகிராபர், தம் படங்களைக் காப்பாற்றுகிற முறையை மூன்று எண்களில் சுருக்கிச் சொன்னார்: மூன்று, இரண்டு, ஒன்று. பைல் மூன்று பிரதிகளில் இருக்க வேண்டும். இரண்டு வகையான சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். நமது அச்சகத்தில் இதை எப்படிச் செய்வது? சர்வரில் இருப்பது முதல் பிரதி. யூ. எஸ். பி. டிஸ்குகள் இரண்டு வாங்கி ராமன், லக்ஷ்மணன் என்று பெயர் எழுதுங்கள். ராமன் கடையில் இருக்கும்போது லக்ஷ்மணன் முதலாளியின் வீட்டுப் பீரோவில் இருக்க வேண்டும். தினமும் மாலையில் கடையிலுள்ள டிஸ்கைச் செருகி அன்றைய வேலையை ஏற்றிவிட்டுக் கழற்றிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் இருவரும் இடம் மாறிக்கொள்ள வேண்டும். நடந்துகொண்டிருக்கும் வேலைகளையும் பில் கணக்கையும் மட்டும் இரவு நேரத்தில் க்ளவுடுக்கும் அனுப்பிவிட்டால் இன்னும் விசேஷம். ஐந்து கிகாபைட், பத்து கிகாபைட்டுக்கு இண்டர்நெட் தாங்கும்.

சாமான்களின் விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறபடியால் ரூபாய்க் கணக்கு சொல்வதில் பிரயோஜனமில்லை. விகிதம் சொல்கிறேன். கையிலிருக்கும் பணத்தைப் பத்துப் பங்காக்கினால், யந்திரத்துக்கு மூன்று, யூ. பி. எஸ்., ஸ்விட்ச், கேபிளுக்கு இரண்டு, டிஸ்குகளுக்கு ஐந்து. டிஸ்குக்குப் போதவில்லையென்றால் யந்திரத்தில் குறைக்க வேண்டும். பிரதியில் குறைக்கக் கூடாது. ரெயிட் வைக்கவா, வெளியே எடுத்துச் செல்லும் டிஸ்க் வாங்கவா, ஒன்றுக்குத்தான் பணமிருக்கிறது என்று கேட்டால், யோசிக்காமல் இரண்டாவதை வாங்கச் சொல்வேன். ரெயிட் இல்லாவிட்டால் ஒரு நாள் வேலை நிற்கும். வெளிப் பிரதி இல்லாவிட்டால் அச்சகமே நிற்கும்.

இவ்வளவும் செய்துவிட்டுத் தூங்கிவிடுகிறவர்கள் உண்டு. 1998-இல் அமெரிக்காவில் பிக்ஸார் என்ற கார்ட்டூன் பட ஸ்தாபனத்தார் 'டாய் ஸ்டோரி'யின் இரண்டாம் பாகத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் கொடுத்த ஓர் அழிக்கும் கட்டளையினால், கண்ணெதிரே பாத்திரங்கள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின. சர்வரின் கம்பியைப் பிடுங்குவதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. பயமில்லை, பிரதி இருக்கிறது என்று போய்ப் பார்த்தார்கள். பிரதி சில காலமாகவே சரியாக எழுதப்படாமல் இருந்திருக்கிறது. எவரும் அதைத் திறந்து பார்த்ததில்லை. கடைசியில் படத்தைக் காப்பாற்றியது, கேலின் ஸஸ்மன் என்ற அம்மையார். குழந்தை பிறந்திருந்தபடியால் அவர் வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தார். படத்தின் பிரதி ஒன்று அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரைக் கம்பளிகளில் சுற்றி, பச்சைக் குழந்தையைப் போல் காரில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அத்தனை பெரிய ஸ்தாபனம் தப்பியது வேறு கட்டடத்தில் இருந்த பிரதியால்தான்.

ஆகையால் எடுத்த பிரதியைத் திறந்து பார்க்க ஒரு நாள் வைத்துக்கொள்ள வேண்டும். மாதத்தில் ஒரு நாள், வீட்டிலிருந்து வந்த டிஸ்கைச் சர்வரோடு சம்பந்தமில்லாத வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, எங்கேயாவது மூன்று வருஷத்துக்கு முந்திய கல்யாணப் பத்திரிகை ஒன்றையும், போன வாரத்துப் பில் ஒன்றையும் திறந்து பாருங்கள். வருஷத்துக்கு ஒரு முறை முழு ஒத்திகையும் வேண்டும். அதற்கு ஆயுத பூஜையைக் காட்டிலும் வசதியான நாள் கிடையாது. யந்திரங்கள் ஓய்ந்திருக்கும், சர்வருக்கும் சந்தனப் பொட்டு இட்டாகியிருக்கும், ஆட்கள் பொரி கடலைக்காக எப்படியும் வருவார்கள். காலி டிஸ்க் ஒன்றை வைத்துக்கொண்டு, சர்வர் இறந்துவிட்டதாகவே பாவித்து, பீரோவிலிருந்து வந்த லக்ஷ்மணனைக் கொண்டு எல்லாவற்றையும் அதில் இறக்கிப் பார்க்க வேண்டும். டிஸ்க் வினாடிக்கு 100 மெகாபைட் கொடுக்குமானால் ஒன்றரை டெராபைட்டுக்குச் சுமார் நாலேகால் மணி நேரம் பிடிக்கும். காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால், சாப்பாட்டு நேரத்துக்குச் சற்றுப் பிந்தி முடியும். எத்தனை மணிக்கு முடிந்தது என்பதை அந்தக் குயர் நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள்.